மடங்கும் திரைக்குக் கொடுத்த விலை: முதல் தலைமுறை மடக்கு போன்கள்

மடக்கு போன்கள் வரப்போகின்றன என்றதுமே எல்லாரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: எத்தனை தடவை மடித்தால் உடையும்? சாம்சங் பதிலைத் தயாராக வைத்திருந்தது. 2 லட்சம் தடவை. ஒரு நாளைக்கு நூறு தடவை திறந்து மூடினாலும் ஐந்து ஆண்டுக்கு மேல் தாங்கும் கணக்கு. இயந்திரங்கள் வரிசையாக நின்று போன்களை மடக்கி விரித்துக்கொண்டே இருக்கும் வீடியோவையும் நிறுவனம் வெளியிட்டது. பிறகு 2019 ஏப்ரலில் கேலக்ஸி ஃபோல்டு விமர்சகர்கள் கைக்குப் போனது. ஓரிரு நாளிலேயே சில போன்கள் படுத்துவிட்டன. ஒன்றில் கீல் பக்கமாக ஏதோ துணுக்கு புகுந்து திரையை அடியிலிருந்து முட்டியது. வேறு சிலர், புது போனில் ஒட்டி வரும் பாதுகாப்புத் தாள் என்று நினைத்துத் திரையின் மேலடுக்கையே உரித்துவிட்டார்கள். இரண்டையும் செய்யாத ஒருவருடைய போனிலும் ஒரு பாதித் திரை மினுக்கியது.

2 லட்சத்தின் பக்கத்தில்கூட யாரும் போகவில்லை. ஆய்வகம் எண்ணியது மடிப்பை. போனை வீழ்த்தியது தூசியும் நகமும். ஆரம்பகால மடக்கு போன்களை எடை போட வேண்டுமானால் இந்த இடைவெளியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம்.

முதலில் யார் யார் என்று பார்த்துவிடுவோம். இரண்டு தனித்தனித் திரைகளைக் கீல் போட்டு இணைத்த போன்கள் முன்பே உண்டு. கியோசெரா எக்கோ 2011-இலும் இசட்டிஇ ஆக்ஸான் எம் 2017-இலும் வந்தன. நடுவில் கறுப்புப் பட்டை தெரியும் அந்த வகை யாரையும் பெரிதாக ஈர்க்கவில்லை. ஒரே திரையே மடங்கும் போனை 2018 அக்டோபர் இறுதியில் முதலில் அறிவித்தது ராயோல் என்ற சீன நிறுவனம். ஃப்ளெக்ஸ்பை என்று பெயர், 7.8 அங்குலத் திரை, 320 கிராம் எடை. ஒரு வாரம் கழித்து சான் ஃபிரான்சிஸ்கோவில் சாம்சங் தன் மாதிரியை மங்கலான வெளிச்சத்தில், உருவம் சரியாகத் தெரியாதபடி காட்டியது. 2019 பிப்ரவரி 20 அன்று கேலக்ஸி ஃபோல்டு, நான்கு நாள் கழித்து பார்சிலோனாவில் ஹுவாவே மேட் எக்ஸ், நவம்பரில் மோட்டோரோலா ரேசர், 2020 பிப்ரவரியில் கேலக்ஸி இசட் ஃபிளிப். நான் முதல் தலைமுறை என்று சொல்வது இந்தக் கூட்டத்தைத்தான்.

இத்தனை நிறுவனங்களும் ஒரே நேரத்தில் குதித்தது தற்செயல் இல்லை. 2018-இல் உலக ஸ்மார்ட்போன் விற்பனை முந்தைய ஆண்டைவிடக் குறைந்தது. கையில் இருக்கும் போனே போதும் என்று மக்கள் கூடுதலாக ஓராண்டு தள்ளிப்போட ஆரம்பித்திருந்தார்கள். மறுபக்கம், வளையக்கூடிய ஓஎல்இடி திரை (ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் வகை) தயாரிக்க ஆலைகளில் கொட்டிய முதலீடு காத்துக்கிடந்தது. ஓரம் வளைந்த திரைகள் மட்டும் அந்த முதலீட்டுக்கு நியாயம் செய்ய முடியாது. வாங்குபவருக்குத் தேவை இருந்ததோ இல்லையோ, விற்பவர்களுக்கு ஒரு புது வடிவம் அவசரமாகத் தேவைப்பட்டது. அந்த அவசரத்தின் தடம் முதல் போன்கள் எல்லாவற்றிலும் தெரிகிறது.

இரண்டு ஆசைகள்

மடக்கு போன் என்று ஒரே பெயரில் அழைத்தாலும் இவை இரண்டு வேறு பேரங்கள். புத்தகம்போல் விரிவது, சாதாரண போனைவிடப் பெரிய திரைக்காகக் கூடுதல் பணம் கேட்கிறது. மேலிருந்து கீழாக மடங்குவது, சாதாரண போன் அளவுத் திரையைச் சின்னதாகச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வதற்காகக் கேட்கிறது. இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பேசியதால் அன்றைய விவாதம் நிறையக் குழம்பியது.

புத்தக வகையின் கவர்ச்சி உண்மையானதா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கேலக்ஸி ஃபோல்டின் உள்திரை 7.3 அங்குலம், அதன் நீள அகல விகிதம் 4.2-க்கு 3, அதாவது சாதாரண போனைவிடச் சதுரத்துக்கு நெருங்கிய வடிவம். விரித்தால் சுமார் 25 சதுர அங்குலப் பரப்பு கிடைக்கிறது. அந்தக் காலத்துச் சாதாரண 6.4 அங்குல போனில் சுமார் 16. ஆக, பரப்பு ஒன்றரை மடங்குக்கும் மேல். ஒரு பக்கம் முழுக்க எழுத்து, வரைபடம், அட்டவணை, மின்னஞ்சல் என்றால் இந்தப் பரப்பு அப்படியே பயன்படும். பிடிஎஃப் கோப்பைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி இடமும் வலமும் தள்ளிப் படித்துச் சலித்தவருக்கு இது சின்ன விஷயமே இல்லை.

வீடியோவுக்கு வந்தால் கதை மாறுகிறது. 16-க்கு 9 விகித வீடியோ அந்தச் சதுரத் திரையில் மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடுதான் ஓடும். அப்படியும் சாதாரண போனைவிட ஏறக்குறைய பாதி அளவு கூடுதல் படம் கிடைக்கும். அகலத்திரை சினிமா என்றால்? 2.35-க்கு 1 விகிதப் படம் ஃபோல்டில் சுமார் 15 சதுர அங்குலம். சாதாரண நீள போனில் 14-ஐச் சற்றுத் தாண்டும். ஏறத்தாழ 2,000 டாலர் கொடுத்து வாங்கிய பெரிய திரையில் சினிமாவுக்குக் கிடைத்த லாபம் நூற்றுக்கு ஐந்து, ஆறு. "கையடக்கத் திரையரங்கு" என்ற தோரணையில் பேசிய விளம்பரங்கள் இந்தக் கணக்கைச் சொல்லவில்லை.

மூடிய ஃபோல்டு இன்னும் சங்கடமானது. 4.6 அங்குல வெளித்திரை, 21-க்கு 9 விகிதம். அகலம் ஐந்து சென்டிமீட்டருக்கும் குறைவு. அதில் விசைப்பலகையைத் திறந்தால் ஒவ்வொரு எழுத்துக்கும் கிடைக்கும் இடம் மிகக் குறுகல், கட்டைவிரல் எப்போதும் பக்கத்து எழுத்தில்தான் விழும். ஒரு வரி பதில் எழுதக்கூடப் போனை விரிக்க வேண்டும்; விரிக்க இரண்டு கை வேண்டும். 2020-இல் வந்த இசட் ஃபோல்டு 2-இல் வெளித்திரை 6.2 அங்குலமானது. முதல் முறை எங்கே தவறியது என்பதற்கு அதைவிடத் தெளிவான ஒப்புதல் தேவையில்லை.

இரண்டாவது வகைக்கு இந்தச் சிக்கல்கள் கிடையாது. இசட் ஃபிளிப்பை விரித்தால் 6.7 அங்குலம், எல்லா ஆப்களும் பழகிய நீள வடிவம். எடை 183 கிராம். பாதி மடித்து மேசையில் வைத்தால் தாங்கி இல்லாமலே வீடியோ அழைப்பு பேசலாம். பேசி முடித்ததும் டப்பென்று மூடி வைப்பதில் ஒரு திருப்தி. 2004-இல் வந்த பழைய ரேசர் நினைவைக் கிளறித்தான் மோட்டோரோலா தன் போனை விற்றது. கவர்ச்சியில் பாதி பழைய நினைவு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த வகை திரையில் புதிதாக ஒன்றையும் சேர்ப்பதில்லை. சட்டைப் பையில் தடிமனான சதுரமாகக் கிடக்கிறது, அவ்வளவே. பெரிய போன் பையில் அடங்காமல் துருத்திக்கொண்டு நிற்கிறதே என்பவர்களுக்கு அதுவே பெரிய வசதி. மற்றவர்களுக்கு அது கேள்விக்குறி.

கண்ணாடி ஏன் மடங்காது

எந்தத் தகட்டை வளைத்தாலும் வெளிப்பக்கம் இழுபடும், உள்பக்கம் நசுங்கும். எவ்வளவு இழுபடும் என்பது இரண்டைப் பொறுத்தது: தகட்டின் தடிமன், வளைவின் ஆரம். தோராயமாக, தடிமனை ஆரத்தின் இரு மடங்கால் வகுத்தால் விடை வரும். சாதாரண போன் கண்ணாடி அரை மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதை 1.5 மில்லிமீட்டர் ஆரத்தில் மடக்க முயன்றால் மேற்பரப்பு 16 சதவீதத்துக்கு மேல் நீள வேண்டியிருக்கும். கண்ணாடி அதற்கு வெகு முன்பே நொறுங்கிவிடும். அதனால்தான் முதல் மடக்கு போன்களில் மேலே கண்ணாடியே இல்லை. நிறமற்ற பாலிஇமைடு என்ற பிளாஸ்டிக் படலம்தான்.

படலம் மெலிதாக இருந்தாலும் திரை என்பது ஒரே படலம் இல்லையே. அடியில் தாங்கும் அடுக்கு, அதன்மேல் டிரான்சிஸ்டர்கள், ஒளிவிடும் கரிமப் பொருள், காற்றும் ஈரமும் புகாதபடி மூடும் அடுக்கு, தொடுதிரை, மேல் படலம் எல்லாம் சேர்ந்ததுதான் திரை. இத்தனையையும் இறுக்கி ஒன்றாக ஒட்டினால் மொத்தத் தடிமனும் ஒரே தகடாக இழுபடும். ஒரு நோட்டுப் புத்தகத்தை வளைத்துப் பாருங்கள்: தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி ஓரம் சாய்வாகும், ஓரத்தை ஒட்டிவிட்டால் வளைக்கவே முடியாது. மடங்கும் திரையிலும் அடுக்குகளுக்கு நடுவே மென்மையான பசை வைத்து, அந்தத் தாள்களைப் போல ஒவ்வோர் அடுக்கும் கொஞ்சம் நகர வழிசெய்கிறார்கள். வளையும்போது இழுபடவும் செய்யாத, நசுங்கவும் செய்யாத ஒரு நடுத்தளம் இருக்கும். எளிதில் உடையும் அடுக்கு அந்தத் தளத்தில் வந்து உட்காரும்படி தடிமன்களை அமைப்பதுதான் இதில் உள்ள வித்தை.

நடுவில் தெரியும் அந்தப் பள்ளக் கோடும் இங்கிருந்துதான் வருகிறது. மென்மையான பசையும் பிளாஸ்டிக்கும் மடிந்த நிலையில் மணிக்கணக்கில் கிடந்தால் அந்த வடிவத்தைக் கொஞ்சம் பழகிக்கொள்கின்றன. விரித்தபின் முழுவதும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. நேராகப் பார்க்கும்போது கண் மறந்துவிடும். சாய்வாக வெளிச்சம் பட்டால் தெரியும். விரல் கடக்கும்போதெல்லாம் தட்டும். இந்தக் கோட்டைப் பற்றி அன்று எழுந்த புலம்பல் மிகையானது என்றே சொல்வேன். பார்க்க அசிங்கம் என்பதற்கு மேல் அது ஒன்றும் கெடுக்கவில்லை. நிஜமான பலவீனம் மேற்பரப்பில் இருந்தது. பிளாஸ்டிக்கில் நகம் அழுந்தினாலே தடம் விழும்.

இசட் ஃபிளிப்பில் சாம்சங் 30 மைக்ரான் தடிமனுள்ள கண்ணாடியைக் கொண்டுவந்தது. மேலே சொன்ன கணக்கில் போட்டால் 0.03 மில்லிமீட்டர், அதே ஆரத்தில் ஒரு சதவீதம்தான் இழுபடும், அதனால் மடங்குகிறது. "மடங்கும் கண்ணாடி" என்று கேட்டதும் பலர் கீறல் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தார்கள். கண்ணாடியின் மேலே மறுபடியும் ஒரு பிளாஸ்டிக் படலம் இருந்தது. விரல் தொடுவது பிளாஸ்டிக்கைத்தான், கீறல் விழுந்ததும் அதில்தான். கண்ணாடியால் தட்டையான உணர்வும் விறைப்பும் கிடைத்தன. கீறலுக்கு எதிராகக் கிடைத்தது பெயர் மட்டுமே.

கீலும் தூசியும்

சாதாரண போன் ஒரு மூடிய பெட்டி. நடுவில் கீல் வைத்தவுடன் அந்தப் பெட்டியில் திறப்பு வந்துவிடுகிறது. முதல் ஃபோல்டில் திரையின் ஓரச் சட்டம் கீல் இருக்கும் மேல் முனையிலும் கீழ் முனையிலும் தொடர்ச்சி இல்லாமல் நின்றது. அந்தச் சந்து வழியாக எதுவும் உள்ளே போகலாம். திரைக்கு மேலே கீறல் விழலாம், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். அடியில் புகுந்த ஒரு மணல்துகளுக்கும் விரல் அழுத்தத்துக்கும் நடுவே மெல்லிய திரை மாட்டினால் அங்கேயே முடிந்தது.

ஏப்ரல் 26 என்று குறித்திருந்த விற்பனையை சாம்சங் தள்ளிவைத்தது. அவசரப்பட்டுவிட்டோம் என்று அதன் அன்றைய மொபைல் பிரிவுத் தலைவர் டி.ஜே. கோ பின்னர் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். செப்டம்பர் 6 அன்று கொரியாவில் திரும்பி வந்த போனில் மாற்றங்கள் எளிமையானவை: மேல்படலம் சட்டத்துக்கு அடிவரை நீட்டப்பட்டது, அதனால் உரிக்க ஓரமே கிடைக்காது, கீலின் இரு முனைகளிலும் மூடிகள் வந்தன, திரைக்கு அடியில் கூடுதல் உலோக அடுக்கு வந்தது. பார்த்தவர்களுக்கு எழுந்த கேள்வி, இதையெல்லாம் முதலிலேயே செய்திருக்கக் கூடாதா என்பதுதான். அடுத்து வந்த இசட் ஃபிளிப்பில் கீலுக்குள் நைலான் இழைகளைத் தூரிகைபோல் வைத்துத் தூசியைத் தடுக்கப் பார்த்தார்கள். நீர் புகாத மடக்கு போன்களை சாம்சங் 2021-இல்தான் கொடுத்தது. ஐபிஎக்ஸ்8 என்ற அந்தத் தரக்குறியீட்டிலும் தூசிக்கான இடத்தில் எண் இல்லை, எக்ஸ் என்றுதான் இருந்தது, அதாவது தூசிக்கு மதிப்பீடு இல்லை.

திரும்பி வந்த ஃபோல்டு கூடவே ஒரு எச்சரிக்கைப் பட்டியலையும் கொண்டுவந்தது. அழுத்தித் தொடாதீர்கள், மேலே எதையும் ஒட்டாதீர்கள், நீரும் தூசியும் படாமல் பாருங்கள், மூடும்போது நடுவில் சாவியோ நாணயமோ அட்டையோ இருக்கக் கூடாது. போன் வாழும் இடமே சாவியும் சில்லறையும் கிடக்கும் பைதான்! மோட்டோரோலா இன்னொரு படி மேலே போய், திரையில் மேடுபள்ளம் இருப்பது இயல்பு என்று தன் வீடியோவில் முன்கூட்டியே சொல்லிவைத்தது. ரேசரின் கீல் திரையை உள்ளே பெரிய வளைவாகச் சுருட்டிக்கொண்டதால் மூடும்போது சந்தே தெரியாது, கோடும் மெலிது. அழகான பொறியியல், கூடவே மடக்கும்போது முனகல் சத்தம்.

இயந்திரச் சோதனைகளின் எல்லையும் இங்கேதான் தெரிகிறது. சிநெட் என்ற தொழில்நுட்பச் செய்தித் தளம் ஒரு மடக்கும் இயந்திரத்தில் ஃபோல்டைப் போட்டபோது சுமார் 1,20,000 மடிப்பில் திரையின் பாதி போனது. ரேசரில் சுமார் 27,000 மடிப்பிலேயே கீல் இறுகி, சோதனையை நிறுத்த வேண்டியதாயிற்று. அந்த இயந்திரம் தன் போனுக்குப் பொருந்தாதது என்று மோட்டோரோலா மறுத்தது. அதில் நியாயம் இருக்கலாம். ஆனால் எந்த இயந்திரமும் போனை ஓரத்தைப் பிடித்துக் கோணலாகத் திறப்பதில்லை, பையில் இருக்கும்போது அதன்மேல் உட்காருவதில்லை, வியர்த்த கையோடு தொடுவதில்லை.

வெளிப்பக்கம் மடித்தால் இதில் பாதி தீராதா? ஹுவாவே அப்படித்தான் யோசித்தது. மேட் எக்ஸ் வெளிப்பக்கமாக மடங்கியதால் வளைவு பெரிது, கோடு மெலிது. தனி வெளித்திரை தேவையில்லை. மூடினால் 11 மில்லிமீட்டர்தான். பார்வைக்கு அன்றைய மடக்கு போன்களில் இதுதான் ராஜா. விலையும் 2,299 யூரோ. ஆனால் எளிதில் கீறும் பிளாஸ்டிக் திரை இருபத்துநான்கு மணி நேரமும் வெளியே. கீழே வைத்தால் ஏதோ ஒரு பக்கத் திரைமேல்தான் வைக்க வேண்டும். உறைபனிக்குக் கீழே ஐந்து டிகிரிக்கு அப்பால் பயன்படுத்த வேண்டாம் என்றும் எச்சரித்தார்கள். குளிரில் பிளாஸ்டிக்கும் பசையும் விறைத்துக்கொள்ளும். அமெரிக்கத் தடையால் கூகுள் சேவைகள் இல்லாமல் போனது தனிக் கதை. 2021-இல் மேட் எக்ஸ்2 வந்தபோது ஹுவாவேயே உள்பக்க மடிப்புக்கு மாறியிருந்தது.

பாதியில் அறுந்த ஆப்கள்

திரையை விரித்தால் ஆப்பும் கூடவே விரிய வேண்டும். ஆண்ட்ராய்டில் இது எளிதல்ல. திரையின் அளவு மாறினால், ஆப் அதற்குத் தயாராக எழுதப்படாதபோது, இயங்குதளம் அந்தப் பக்கத்தை அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்கும். வெளித்திரையில் ஒரு படிவத்தைப் பாதி நிரப்பிவிட்டு, சரி பெரிதாகப் பார்ப்போம் என்று விரித்தால் நிரப்பியதெல்லாம் காணாமல் போகலாம். சில ஆப்கள் நடுவில் குச்சியாக நின்றன. சில, போன் வடிவத்தையே இழுத்துப் பெரிதாக்கி, ராட்சத எழுத்தைக் காட்டின. மூன்று ஆப்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது மேடையில் ஜோராக இருந்தது. அடிப்படை ஆப்கள் ஒத்துழைத்தால்தானே அது வேலைக்கு ஆகும்.

கூகுள் 2018 நவம்பரிலேயே மடக்கு போன்களுக்கு ஆதரவு என்று அறிவித்தது. ஆனாலும் பெரிய திரைக்கென்றே தயாரான ஆண்ட்ராய்டு 12எல் வந்தது 2022-இல். இடைப்பட்ட ஆண்டுகளில் ஆப் எழுதுபவர்கள் ஏன் மெனக்கெட வேண்டும்? வைத்திருப்பவர்கள் சொற்பம். ஆப்கள் சரியில்லை என்பதால் வாங்குபவர்கள் வரவில்லை, வாங்குபவர்கள் வராததால் ஆப்கள் சரியாகவில்லை.

எடையையும் தடிமனையும் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். ஃபோல்டு 276 கிராம், மூடினால் கீல் பக்கம் 17 மில்லிமீட்டர். அதே ஆண்டின் கேலக்ஸி எஸ்10 157 கிராம், 7.8 மில்லிமீட்டர். பேட்டரியை இரண்டாகப் பிரித்து ஆளுக்கொரு பாதியில் வைக்க வேண்டிய கட்டாயம். ரேசரில் அது மொத்தமே 2,510 எம்ஏஎச். நடுத்தர ரகச் சிப், பின்னால் ஒரே கேமரா, விலை மட்டும் 1,499 டாலர்.

ஃபோல்டின் விலை 1,980 டாலர். அதே ஆண்டில் ஒரு கேலக்ஸி எஸ்10 பிளஸ் 999 டாலர், அடிப்படை ஐபேட் 329 டாலர். இரண்டையும் வாங்கினாலும் 652 டாலர் மிச்சம். இரண்டும் சேர்ந்து ஃபோல்டைவிட நல்ல போனாகவும் நல்ல டேப்லெட்டாகவும் இருந்திருக்கும், தூசிக்குப் பயப்படவும் தேவையில்லை. உள்திரை போனால் முதல் ஆண்டில் ஒருமுறை சலுகையாக 149 டாலர், அதற்குப் பிறகு 599. அந்த 599-இல் நல்ல போன் ஒன்றே வாங்கிவிடலாம்.

ஆகவே பெரும்பாலானவர்களுக்கு இவை வாங்கக் கூடாத போன்கள் என்பதே அன்றைய நியாயமான பதில். நாள் முழுக்க ஆவணங்களைப் படித்தபடி பயணிப்பவர், திரை போனால் மாற்றும் செலவை நிறுவனத்தின் கணக்கில் எழுதுபவர், புதிதாக எது வந்தாலும் முதலில் கையில் இருக்க வேண்டும் என்பவர் – இவர்களுக்கு மட்டும் கணக்கு ஒத்துவந்தது. இரு வகைகளில் எதற்குக் கூடுதல் மதிப்பெண் என்று கேட்டால் இசட் ஃபிளிப்புக்குத்தான் தருவேன். அது வாக்குறுதி கொடுத்தது கொஞ்சம். கொடுத்ததைப் பெரும்பாலும் காப்பாற்றியது. புத்தக வகை, டேப்லெட் தருகிறேன் என்று சொல்லிவிட்டு ஆப்கள் இல்லாத டேப்லெட்டைத் தந்தது. முதலில் ஓடி வந்த ராயோலுக்கு முந்தியதால் ஒரு பயனும் இல்லை. நிறுவனமே பின்னாளில் திவாலானது.

இப்போது அந்தப் பழைய மாடல்கள் இரண்டாம் கையாக மலிவாகக் கிடைக்கும்போது ஆசை வரத்தான் செய்யும். பார்க்க வேண்டியவை சில. நன்றாக விரித்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்: கோடு நெடுகிலும் மேல்படலம் குமிழிட்டு எழும்பியிருந்தால் பசை விட்டுப்போகத் தொடங்கிவிட்டது. ஒரு ஐகானை இழுத்துக்கொண்டு கோட்டைக் குறுக்காகப் பல இடங்களில் கடந்து பாருங்கள். எங்காவது கைநழுவினால் தொடுதிரை அடுக்கில் விரிசல் இருக்கலாம். இசட் ஃபிளிப் என்றால் கீல் பாதியில் தானாக நிற்க வேண்டும், நிற்கிறதா என்று பாருங்கள்; எந்த மாடலிலும் மண் அரைபடும் சத்தம் வருகிறதா என்று கவனியுங்கள். முதல் ஃபோல்டு ஆண்ட்ராய்டு 12-ஓடு நின்றுவிட்டது. வங்கி ஆப்களை நம்பி அதில் வைக்க முடியாது. அந்த மாடலுக்கு உள்திரை இன்னும் கிடைக்கிறதா, என்ன விலை என்று சர்வீஸ் சென்டரில் கேட்டுவிட்டு, அதன் பிறகு விற்பவரிடம் பேரம் பேசலாம்.